தூசித் திருத்தம்

ஏழு சதவீதம். பச்சைக் கோடு அங்கேயே நிற்கிறது. நாற்பது நிமிடம் ஆகும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரின் நாற்பது நிமிடம் எனக்குத் தெரியாததா, பதினொரு வருஷமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன். முதலில் விறுவிறுவென்று ஓடும், பிறகு ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தால் கிளப்ப முடியாது. உட்காரட்டும். இன்றைக்கு அது எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எனக்குச் சம்மதம்தான். பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுகிறேன் என்று மாதங்கியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது பத்து ஐம்பது. ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். அவசரமில்லை மேடம் என்றுதான் அவளே சொன்னாள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற பெண், இந்த மலை ஆய்வகத்தில் எங்கள் டெலஸ்கோப் எடுத்த சூரியப் படங்களை வைத்துத்தான் அவளுடைய மூன்று வருஷ உழைப்பு முழுவதும். ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள், குரலில் ஒரு துள்ளல். "மேடம், பொங்கலுக்கு அப்புறம் நீங்க அனுப்பின எல்லாப் படத்துலயும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, பாத்தீங்களா? ஒரு நாள் இங்க இருக்கு, ஒரு நாள் அங்க இருக்கு. ஜனவரியில சுத்தி இருக்கிற இடத்தைவிட ஒரு சதவீதம் வெளிச்சம் கூட. இப்ப நாலு சதவீதம். வளருது மேடம்!" வேறு எந்த ஊர் டெலஸ்கோப்பிலும் அது இல்லையாம். எங்களுடையதில் மட்டும்தானாம். "ஒண்ணு இது ரொம்பப் பெரிய விஷயம், இல்லேன்னா எங்கயோ தப்பு. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும். உங்க கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாதுன்னு எங்க சார் சொல்லிட்டே இருப்பார்." வெள்ளைத் திட்டா? எனக்கு எந்த வெள்ளைத் திட்டும் தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே அவள் சொன்ன தேதிப் படங்களைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்ன இடமெல்லாம் வழவழவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இருக்காதா பின்னே, அந்த இடங்களையெல்லாம் திருத்தியது நான்தானே.

பன்னிரண்டு சதவீதம். இருபத்தாறு வருஷமாக நான் செய்கிற வேலையை யாராவது கேட்டால் சூரியனுக்கு முகம் கழுவி விடுகிறேன் என்பேன், மாதா கோயில் பெண்கள் சிரிப்பார்கள். உண்மையும் அதுதான். டெலஸ்கோப்பிலிருந்து வருகிற படம் அப்படியே சூரியன் கிடையாது. அதில் சூரியன் இருக்கும், கூடவே ஒரு ஊரே இருக்கும். கேமராவுக்கு என்று ஒரு சொந்த முணுமுணுப்பு உண்டு, ஒன்றுமே பார்க்காதபோதும் எதையோ பார்த்த மாதிரி காட்டும். அதைப் பிடிக்க மூடி போட்டு ஒரு படம் எடுப்போம், அது டார்க். பிறகு ஒரே சீரான வெளிச்சத்தை மட்டும் காட்டி ஒரு படம், அதில் கண்ணாடியின் மேடு பள்ளம், ஓர இருட்டு, வில்லையில் ஒட்டிய தூசி எல்லாம் தெரிந்துவிடும், அது பிளாட். முதலாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுத்து, மெல்லிய மேகம் பூசிய வெளிச்சத்தையும் வழித்து எடுத்தால் கடைசியில் சூரியன் மட்டும் மிஞ்சும். இதெல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடும். ஆனால் காலையில் பிளாட் எடுத்த பிறகு வந்து உட்கார்கிற தூசி இருக்கிறதே, அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத்தான் நான். படத்தைத் திரை முழுக்க விரித்துவைத்து, சாம்பல் நிறமாக எங்கே மங்குகிறதோ அங்கே வட்டம் போட்டு, ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் என்று வெளிச்சத்தைக் கூட்டி, அக்கம்பக்கத்தோடு சேரும்வரை ஏற்றுவேன். தூசித் திருத்தம் என்று நான்தான் பேர் வைத்தேன். பழைய டைரக்டர் ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, அமலோற்பவம், உன் கண் மிஷினம்மா என்றார். ஆறு மாசத்துக்கு அந்தப் பெருமையிலேயே மிதந்தேன். அன்றைக்கு வீட்டில் கேசரி செய்தேன்.

பொங்கல் கழிந்த வாரம்தான் அந்தத் தூசி வந்தது. விரல் நுனியால் தொட்டுத் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் தேய்ப்பு, சூரியனின் நடுவுக்குச் சற்று மேலே. வட்டம் போட்டேன், ஒரு சதவீதம் கூட்டினேன், போய்விட்டது. குழந்தையைக் கூப்பிட்டுச் சொன்னேன், வில்லையைச் சுத்தம் பண்ணு என்று. குழந்தை என்றால் குழந்தைவேல், எங்கள் மெக்கானிக், ஆறடி உயரம், நாற்பத்திரண்டு வயசு, மீசைக்கே தனியாக எண்ணெய் வாங்குகிற ஆள், ஆனாலும் ஆபீஸ் முழுக்கக் குழந்தை என்றுதான் கூப்பிடும். அவன் படியேறிப் போய்ப் பத்து நிமிடம் கழித்து இறங்கிவந்து, நோட்டில் சுத்தம் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் தூசி கொஞ்சம் இடதுபக்கம் இருந்தது. சரி, துடைத்ததில் நகர்ந்திருக்கிறது. மறுபடி சொன்னேன், மறுபடி ஏறினான். அதற்கடுத்த நாள் கீழே. துடைக்கத் துடைக்க இடம் மாறுகிற தூசி, என்ன பிடிவாதம் பார் என்று அதன்மேல் எனக்கு ஒரு பிரியம்கூட வந்துவிட்டது, தினமும் படத்தைத் திறந்ததும் எங்கேடி இருக்கிறாய் என்று தேடுவேன். தேடவே வேண்டியதில்லை. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே இருந்தது. இந்த வாக்கியத்தை இப்போதுதான் முதல் தடவையாக மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே. வேண்டாம், இதை இப்போது நினைக்க வேண்டாம், கோடு பத்தொன்பதில் இருக்கிறது, அது முடியட்டும்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதிப் படத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். மாதங்கி சொன்ன திட்டு அன்றைக்குத்தான் ரொம்பப் பிரகாசமாம். டெலஸ்கோப் எடுத்த படம் எடுத்தபடி பத்திரமாக இருக்கிறது, அதை யாரும் தொடக்கூடாது என்பது இங்கே கட்டளை மாதிரி. அதிலிருந்து ஆரம்பித்து டார்க்கைக் கழித்து, பிளாட்டால் வகுத்து, மேகத்தை வழித்து, அதோடு நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன், என் கை படாமல். கடைசியில் அந்தத் தேய்ப்பு இருந்த இடத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து வெளிச்சத்தைக் கிராஃபாகப் போடச் சொல்லியிருக்கிறேன். தேய்ப்பு கண்ணாடியில் இருந்தால் கிராஃப் அந்த இடத்தில் பள்ளமாக இறங்கும். சூரியனிலேயே இருந்தாலும் இறங்கும். சூரியனில் இருந்தால்! ஐம்பத்து மூன்று வயசில் அமலோற்பவம் கண்டுபிடித்த கரும்படலம் என்று புத்தகத்தில் போடுவார்கள், இருதயராஜ் அதை வெட்டி லேமினேட் பண்ணி டிவிக்கு மேலே மாட்டிவிடுவார், என் வீட்டுக்காரர் கேஸ் பில்லையே லேமினேட் பண்ணுகிற மனுஷர். பள்ளம் இறங்கினால் எனக்கு ஒன்றுமில்லை. இறங்காவிட்டால்? இறங்காவிட்டால் என்ன என்பதைத்தான் ஒன்பதரை மணியிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், வாசல்வரை போகிறேன், உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறேன். ஒரு நிமிஷ வேலைதான் அது. ஒரு கையை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும், கம்ப்யூட்டரும் வேண்டாம் கிராஃபும் வேண்டாம். கை மடியில் கிடக்கிறது. மோதிரம் இறுக்கமாகிவிட்டது. இதையும் கழற்றிப் பெரிசு பண்ணக் கொடுக்க வேண்டும்.

ஜன்னல் வழியாக வெயில் வந்து மேஜையில் விழுந்திருக்கிறது, இந்த மலையில் சித்திரை மாச வெயில் உறைக்காது, சும்மா வந்து உட்கார்ந்திருக்கும். எட்டு நிமிடம் பயணம் பண்ணி வந்த வெளிச்சம் என் தண்ணீர் பாட்டிலுக்குள் புகுந்து சுவரில் ஆடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும்போல் இருக்கிறது. சூரியனை இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு அது எப்போதும் ஒரு தட்டுதான், திரையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை நிறைந்து, தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும் என்று தோன்றும். தோல் மேலே அரிசி கொதிக்கிற மாதிரி ஓயாமல் ஒரு கொதிப்பு. ஓரத்தில் சிலசமயம் ஒரு இழை எழும்பும், ஏழெட்டுப் பூமி உயரத்துக்கு எழும்பி வளைந்து, என்ன நினைத்துக்கொண்டதோ மெதுவாகத் திரும்பி இறங்கும். அது எழும்பி இறங்குவதற்குள் நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்போதெல்லாம் நானும் அங்கே எங்கோ மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றும், சத்தமில்லாமல், உடம்பில்லாமல், சர்க்கரை இல்லாமல், முட்டிவலி இல்லாமல். சர்க்கரை. அந்தச் சொல்லை யார் இப்போது உள்ளே விட்டது? ஒன்பது வருஷமாக இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், போடாத நாளும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கண் காட்டுங்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு ஜெப புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு இருக்கிறது. கீழே இறங்கிப் போய்வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும், பஸ்ஸில் வளைவு வளைவாக எனக்கு வாந்தி வரும், ஆபீஸில் யார் பார்ப்பார்கள், இந்த வருஷம் வேண்டாம். இப்படியே நாலு வருஷம். கண்ணுக்கென்ன, மிஷின் கண்ணாயிற்றே.

ஜெப புத்தகம். அதிலேயும் ஒன்று இருக்கிறது. தவக்காலத்தில் சிலுவைப்பாதை வாசிக்க என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள், இந்த வருஷம் ஐந்தாவது நிலையில் ஒரு வரி நடுவில் காணாமல் போய்விட்டது, முன்னும் இருக்கிறது பின்னும் இருக்கிறது, நடுவில் ஒரு சொல் இல்லை. மனப்பாடம் என்பதால் சமாளித்துவிட்டேன். வெளியே வந்ததும் இருதயராஜிடம், இப்பல்லாம் என்ன மை போட்டு அச்சடிக்கிறானுங்களோ என்று திட்டினேன். ஊசியில் நூல் ஏறாதபோது நூலைத் திட்டினேன். மாதா கோயில் படியில் கால் தடுக்கியபோது படி கட்டிய கொத்தனாரைத் திட்டினேன். எதிரே வந்த ஞானசௌந்தரியின் முகத்தில் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூக்கு இல்லாமல், யாரென்று தெரியாமல் சிரித்து வைத்தபோது, அவள் பவுடர் ரொம்பப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பாவம் ஞானசௌந்தரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது, ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டேன். கழிக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுதான் நிஜம் என்று புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். முப்பத்து நாலு சதவீதம்.

அப்பா ரொட்டி அடுப்பைத் திட்டினார். பஜாரில் அவருடைய பேக்கரிக்கு நல்ல பேர், அவர் பார்த்து எடுத்தால் ஒரு ரொட்டி கருகாது என்பார்கள். அப்புறம் கருக ஆரம்பித்தது. அடுப்பு சூடு ஜாஸ்தி, விறகு சரியில்லை, மாவு சரியில்லை, எல்லாமே சரியில்லாமல் போனது அவருக்கு, சர்க்கரை ஒன்றைத் தவிர. ஒரு வருஷத்துக்குள் கல்லாவில் உட்காரவும் முடியாமல் வீட்டில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், எதிர்மலையின் பாறையில் நீர்க்கோடுகூடத் தெரியும், அப்பா முகத்தைத் திருப்பாமல் கேட்பார், "என்ன, இன்னிக்கும் மேகம் எறங்கிருச்சா?" அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "ஆமாங்க, நல்லா எறங்கிருச்சு" என்பாள். ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை. ஸ்வெட்டரை எடுத்து அவருக்குப் போட்டுவிடுவோம், அந்த வெயிலில். பாசம்தான், பாசம் இல்லாமல் என்ன. ஆனால் அம்மா முதல் நாளே இல்லைங்க, நல்ல வெயில் என்று சொல்லியிருந்தால் அப்பா அன்றைக்கே கண் காட்ட பஸ் ஏறியிருப்பாரோ என்று எனக்கு இருபது வருஷமாக ஒரு கேள்வி இருக்கிறது, அம்மாவிடம் கேட்கவும் இல்லை, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அக்கா, டீ." குழந்தை வந்து நிற்கிறான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். டம்ளரை மேஜையில் வைத்து என் கைப்பக்கமாகத் தள்ளுகிறான். ஏன் தள்ளுகிறான்? எப்போதிலிருந்து இப்படித் தள்ளுகிறான்? மூக்கில் அந்தப் புதுக் கண்ணாடி. மாசி மாசத்தில் ஒரு நாள் திடீரென்று மாட்டிக்கொண்டு வந்தான், அன்றைக்கு நான் விட்டேனா, கணக்கு வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் ஹோம்வொர்க் நோட்டை எடுங்க என்று ஆபீஸ் முழுக்கச் சிரிக்கவைத்தேன். "இன்னிக்கு வில்லையைப் பாக்கணுமாக்கா?" என்கிறான். "இப்ப வேண்டாம்டா. இரு, சொல்றேன்." "மேகம் வர்றதுக்குள்ளன்னா இப்பவே ஏறிருவேன்." "சொல்றேன்னு சொன்னேன்ல." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் முகம் எப்படி ஆனது என்று பார்க்க நினைத்தேன், கண்ணாடியும் மீசையும் இருந்தன, நடுவில் அந்தச் சாம்பல். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் போகிற சத்தம், தடதடவென்று இல்லாமல், இந்த உடம்புக்கு எப்படி இவ்வளவு மெதுவாக நடக்கிறானோ. டீயில் சர்க்கரை இல்லை. அவன் ஒருத்தன்தான் மறக்காமல் போடாமல் கொண்டுவருவான்.

ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஓடுகிறது இப்போது, வேண்டாம் என்கிறபோது ஓடுகிறது. பெரிய நாற்காலி என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, சுவரில் தண்ணீர் வெளிச்சம் ஆடுகிறது, எங்கேயோ குக்கர் விசில், குவார்ட்டர்ஸில் யாரோ பருப்பு வைக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், பயமாக இருக்கிறது. கண் போவது பற்றி மட்டுமில்லை, அது பெரிய பயம், அதைப் பார்க்க முடியவில்லை, சூரியனை நேராகப் பார்க்க முடியாத மாதிரி. சின்னப் பயங்களைப் பார்க்க முடிகிறது. இந்த அறையில் வேறு யாரோ உட்கார்வார்கள். இருதயராஜ் என் கையைப் பிடித்து மாதா கோயில் படி ஏற்றுவார், போகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்வார். சோற்றில் எது எங்கே இருக்கிறது என்று கடிகார முள் மாதிரி சொல்லித் தருவார்கள், பன்னிரண்டு மணியில் பொரியல், மூன்று மணியில் ஊறுகாய். அப்பாவுக்கு அப்படித்தான் வைத்தோம். பொங்கலுக்கு அப்புறம் நான் திருத்திய எண்பத்தேழு படம் கெட்டுப்போயிற்று என்ற பயம் வேறு. அந்தப் பெண் திங்கட்கிழமை எழுந்து நின்று, வளர்கிறது பாருங்கள், ஒன்று, இரண்டு, நாலு என்று கோட்டைக் காட்டுவாளே, அது என்ன கோடு? ஒவ்வொரு மாசமும் எனக்கு எவ்வளவு மங்கியதோ அவ்வளவு வெளிச்சத்தை அள்ளி அதன்மேல் பூசியிருக்கிறேன். என் இருட்டு எவ்வளவு என்று இம்மி பிசகாமல் அளந்து வைத்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாமலே. தெரிந்தால் அழுவாள், மூன்று வருஷ உழைப்பு. தெரியாவிட்டால் பேசுவாள், பிறகு யாராவது எழுந்து கேட்பார்கள், பிறகு அவளை யார் நம்புவார்கள்? இனிமேலும் நான் இப்படியே உட்கார்ந்திருக்க முடியாது.

நூறு. சின்னதாக ஒரு மணி அடித்தது. படம் வந்துவிட்டது, என் கை படாத ஏப்ரல் பதினொன்று, உருண்டையாக, கொதித்துக்கொண்டு, அழகாக. தேய்ப்பு அதன் இடத்தில் இருக்கிறது. நடுவுக்குக் கீழே, நான் வட்டம் போட்ட அதே இடத்தில், சாம்பலாக. அப்பாடா என்று வாயால் சொல்லிவிட்டேன், சத்தமாக. இருக்கிறது, படத்தில்தான் இருக்கிறது, அப்படியானால் கண்ணாடிதான், இல்லாவிட்டால் சூரியன். கிராஃபைத் திறந்தேன். கறுப்புத் தாளில் பச்சைக் கோடு இடதுபக்கமிருந்து கிளம்பி, சின்னச் சின்ன நடுக்கத்தோடு நேராகப் போகிறது, நேராக, நேராகவே போய் வலதுபக்கம் முடிகிறது. பள்ளம் இல்லை. சரியான இடத்தில்தான் கோடு இழுத்தேனா? எண்களைப் பார்த்தேன், சரிதான். மறுபடி கிராஃப். பள்ளம் எங்கே என்று கோட்டின் நடுவை உற்றுப் பார்த்தால், நடுவில் கோடே இல்லை. ஒரு விரல் அகலத்துக்குக் கோடு அறுந்திருக்கிறது, அங்கே சாம்பல். கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், அறுந்த இடம் கூடவே வந்தது, முதலில் அறுந்திருந்த இடத்தில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று என்பது இருந்தது, நிமிடம் இல்லை.

கையை எடுத்தேன். இவ்வளவு நேரம் மடியில் கல் மாதிரி கிடந்த கை, எடுத்தவுடன் ஒன்றும் கனக்கவில்லை. முதலில் வலது கண்ணை மூடினேன். இடது கண் சின்ன வயசிலிருந்தே எனக்குச் சோம்பேறி, அதை நம்பி நான் எந்த வேலையும் செய்ததில்லை. அதில் சூரியன் கொஞ்சம் கலங்கலாக, ஆனால் முழுசாக இருந்தது. தேய்ப்பு இல்லை. மாதங்கிக்கு அனுப்பியிருந்த பழைய படத்தைப் பக்கத்தில் திறந்தேன், நான் திருத்தியது. அதில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, கையெழுத்துப் போட்டமாதிரி அவ்வளவு தெளிவாக. நாலு மாசமாக ஊர் முழுக்கப் பார்த்ததை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு கையை மாற்றி இடது கண்ணை மூடினேன். என் மிஷின் கண். எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தேன். தோட்டத்தின் நடுவில், டெலஸ்கோப் கூண்டு நிற்கிற இடத்தில், மேகம் இறங்கியிருந்தது. ஓரத்தில் செடிகள் தெரிந்தன, வேலி தெரிந்தது, நடுவில் மட்டும் சாம்பலாக, அமைதியாக, அடர்த்தியாக. பார்க்க நன்றாகக்கூட இருந்தது.

"குழந்தை!" என்று கூப்பிட்டேன். வெளியேதான் நின்றிருப்பான்போல, உடனே வந்துவிட்டான். கையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை நான். "ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். வில்லையில என்னிக்காவது தூசி இருந்துச்சா?" குக்கர் மறுபடி விசிலடித்தது. "சொல்லுடா." "மொத நாள் கொஞ்சம் இருந்துச்சுக்கா. ரப்பர் பந்தால ஊதினேன், போயிருச்சு. அப்புறம் இல்ல." "நாலு மாசமா தினம் ஏறினியே, என்ன செஞ்ச மேல?" "ஒண்ணும் செய்யலக்கா. தூசி இல்லாத கண்ணாடியைத் துடைச்சா கீறல் விழும்ல. சும்மா பத்து நிமிசம் உக்காந்துட்டு வந்துருவேன்." "அப்ப நோட்டுல சுத்தம் செய்தேன்னு எழுதின?" "எழுதினேன்." எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது, எண்பத்தாறு பொய்க் கையெழுத்து, மடப்பயலே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே சொன்னான், "உங்க கண்ணுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலன்னா என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அதான் கீழ போயி காட்டி, இந்தக் கண்ணாடியைப் போட்டுட்டு வந்தேன். போட்டுப் பாத்தும் தூசி தெரியலக்கா. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அந்தக் கண்ணாடியை வைத்துத்தான் நான் ஆபீஸையே சிரிக்கவைத்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான் அன்றைக்கு. எனக்காக மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்க் கண் காட்டிவிட்டு வந்திருக்கிறான், எனக்குப் பதிலாக. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, இரண்டிலுமிருந்து ஒரே மாதிரி. முந்தானையால் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, எண்கள் நடுவில் காணாமல் போவதால் அவனிடமே நீட்டி, மாதங்கிக்குப் போடச் சொன்னேன். ஒரே ரிங்கில் எடுத்தாள். "மாதங்கி, அந்தத் திட்டு சூரியன்ல இல்லம்மா. என் கண்ணுலதான் இருக்கு. இல்லாத தூசியை இருக்குன்னு நெனச்சு நான்தான் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கேன். பொங்கலுக்கு அப்புறம் நான் திருத்தின எதையும் எடுத்துக்காத. மொதப் படமெல்லாம் அப்படியே இருக்கு, என் திருத்தம் இல்லாம மறுபடி ஓட்டிக் குடுக்கச் சொல்றேன்." அவள் படத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "மேடம், நீங்க டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள், குரல் உடைந்து. இல்லம்மா என்றேன். நோட்டைத் திறந்து, இன்றைய தேதியைப் போட்டு, கையால் தடவித் தடவி வரியைப் பிடித்து எழுதினேன்: வில்லையில் தூசி இல்லை. எழுத்து எப்படி வந்தது என்று பார்க்கவில்லை.

இடது கண்ணை மறுபடி மூடிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே அது அப்படியே இருந்தது, கூண்டை மூடிக்கொண்டு. "குழந்தை, வெளிய மேகம் எறங்கிருச்சா?" என்று கேட்டேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்று வெளியே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஆமாக்கா என்ற சொல் அவன் தொண்டைவரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது, அம்மா கீரை ஆய்கிற சத்தம்கூடக் கேட்டது.

"இல்லக்கா," என்றான். "நல்ல வெயில்."

"ஒரு மணி பஸ் இருக்கா?"

"இருக்குக்கா. நானும் வர்றேன்."

"வாந்தி எடுப்பேன்டா."

"பரவால்லக்கா, பை எடுத்துக்கறேன்," என்று சொல்லி, கம்ப்யூட்டரை அணைக்கப் போனான். அணைக்காதே என்றேன். சூரியன் திரையில் இருக்கட்டும், எண்பத்தாறு படம் பாக்கி இருக்கிறது, யாராவது வந்து ஓட்டுவார்கள்.